நாலாவது ப்ரொஃபைல்

விளிம்பக்காவிடம் அடி வாங்கியவர்கள் யாரும் அதைச் சுலபத்தில் மறந்ததில்லை. முதலில் வாங்கியவர் அவளுடைய அப்பா.

அப்பா லாரி மெக்கானிக். வீட்டுக்குள் வந்தால் அவருடைய கை சும்மா இருக்காது. சாப்பாடு ஆறியிருந்தாலும் அடி, சூடாக இருந்தாலும் அடி. ஒருநாள் அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்த மகள் பையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒரே போடு போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அப்பா அப்படியே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் யார்மேலும் கை வைத்ததில்லை, மகளோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை. அம்மாவாவது தலையைத் தடவிக்கொடுப்பாள் என்று பார்த்தால், அவள் புருஷன் காலுக்குக் கட்டுப் போட்டபடி, "இவ கை என்ன கை, இரும்புக் கை" என்று ஒப்பாரி வைத்தாள்.

அந்தக் கைதான் பின்னாளில் மவுசைப் பிடித்தது.

அவள் வேலை பார்த்தது ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில். வீட்டுக் கூரையில் சுற்றுகிற விசிறி இல்லை. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் காற்று ஏற்றுகிற ராட்சத விசிறிகள். நாரும் பிசினும் சேர்த்து வார்த்த ஒரு பிளேடை நிறுத்தி வைத்தால் ஆள் உயரம் இருக்கும். அந்தப் பிளேடின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் உண்டாக்குவது அவளுடைய வேலை. யார் என்ன வரைந்துகொண்டு வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "பின் விளிம்பு சரியா இருக்கா?" என்பதுதான். கேட்டுக் கேட்டுப் பெயரே விளிம்பக்கா ஆகிவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவளுடைய கணவர் பஸ் கண்டக்டர். எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனுஷர். மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "அவ இறக்கை செய்யறா, நான் ஆளை இறக்கி விடறேன்" என்பார். கல்யாணமான புதிதில் மாமனாரின் காலைப் பற்றிக் கேள்விப்பட்டதும், "இனிமே நான் உன் பக்கத்துல உட்காரும்போது காலை மடக்கியே உட்கார்றேன்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பழைய கதை கொஞ்சம் லேசானது.

அவள் செய்த வேலையைச் சொன்னால்தான் நடந்தது புரியும். பிளேடைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும்: முன்னால் உருண்டையான மூக்கு, நடுவில் தொப்பை, பின்னால் கத்தி மாதிரி ஒடுங்குகிற விளிம்பு. அதற்கு ப்ரொஃபைல் என்று பெயர். அடிப்பக்கம் தொப்பை பெருத்த ப்ரொஃபைல், நுனிப்பக்கம் மெலிந்த ப்ரொஃபைல், இடையில் இன்னும் சில. ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்தில், கொஞ்சம் கொஞ்சம் திருப்பி நிறுத்த வேண்டும். பிறகு எல்லாவற்றின் மேலும் ஒரே தோலாகப் போர்த்தச் சொன்னால் மென்பொருள் போர்த்திவிடும். இதைத்தான் லாஃப்ட் என்பார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ப்ரொஃபைலும் புள்ளிகளால் ஆனது. ஒன்றில் புள்ளி கூடவும் இன்னொன்றில் குறைவாகவும் இருந்தாலோ, ஒன்று விளிம்பில் தொடங்கி மற்றொன்று மூக்கில் தொடங்கினாலோ, அந்தத் தோல் ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். அவள் எல்லா ப்ரொஃபைலையும் பிரித்து, ஒரே அளவு புள்ளிகளோடு, எல்லாம் பின் விளிம்பில் தொடங்கும்படி மறுபடி கட்டுவாள். மூக்கு வழியாக ஒரு வளைகோடு, விளிம்பு வழியாக ஒரு வளைகோடு ஓடவிட்டு, தோல் அவற்றைத் தாண்டாமல் பிடித்துக்கொள்வாள். கடைசியில் திரையில் பிளேடின் மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை ஓடவிடுவாள். பட்டைகள் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் மேற்பரப்பு நன்றாக இருக்கிறது. எங்காவது நொடித்தால் அங்கே சுருக்கம். சுருக்கம் இருக்கிற பிளேடை அவள் கையைவிட்டு அனுப்பியதில்லை.

அந்தத் தடவை ஒரு சுரங்கத்துக்கான விசிறி. உற்பத்தி மேலாளர் காலையும் மாலையும் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். எதைக் கேட்டாலும் "இன்னைக்கே" என்று கேட்பதால் தொழிற்சாலையில் அவருக்கு அதுவே பெயர். "இன்னைக்கே வராருடா" என்றால் ஆட்கள் டீக் குவளையை வைத்துவிட்டு எழுந்திருப்பார்கள்.

தொல்லை கொடுத்தது நாலாவது ப்ரொஃபைல். சுழலும்போது பிளேடு அதிகம் வளைகிற இடம் அதுதான். அதனால் அங்கே சதை வேண்டும் என்று தடிமனான ஒரு ப்ரொஃபைலைக் கொடுத்திருந்தார்கள். அதன் புள்ளிகளோ மூக்கில் மொய்த்துக்கொண்டும் மற்ற இடத்தில் சிதறியும் கிடந்தன. அதைச் சேர்த்தால் பட்டைகள் நொடித்தன. எடுத்துவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் அந்த இடத்தில் பிளேடு ஒட்டிய வயிறாக உள்ளே போய்விட்டது.

"என்னம்மா, நல்லாத்தானே இருக்கு? வழவழன்னு இருக்கே!" என்றார் மேலாளர். அவள் அப்போது அந்த ப்ரொஃபைலை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கத்தான் சார் நல்லா இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்ல. சுத்துற வேகத்துல ஒடிஞ்சுடும். நாலாவதை மறுபடி கட்டணும், ரெண்டு நாள் ஆகும்."

"இன்னைக்கே குடுங்க."

"இன்னைக்கு முடியாது. நாளைக்கு எங்க வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன், நான் வரமாட்டேன். வந்து முடிச்சுத் தரேன். அதுவரைக்கும் ஃபைலைத் தொடாதீங்க."

"உங்க ஃபைலைத் தொட்டு நான் என்னம்மா பண்ணப்போறேன்? எனக்கு மவுசே பிடிக்கத் தெரியாது" என்று சிரித்தார்.

அவள் திரும்பி வந்தபோது, சுரங்கத்துக்காரர்கள் ஆர்டரைத் தள்ளி வைத்துவிட்டார்கள், வேறு வேலையைப் பாருங்கள் என்றார் மேலாளர். பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தாள். அவர் தடிமனான கண்ணாடி போட்ட மனிதர். அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர். அவரும், "ஆமா, தள்ளிப்போச்சாம்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவள் நம்பினாள். ஆலை விசிறி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சில வாரங்கள் போயின.

தொழிற்சாலையில் அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அண்ணன் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்; எல்லோரும் அவனைப் பெரியவன் என்றே கூப்பிட்டார்கள். கழுத்தும் தோளும் ஒன்றாகச் சேர்ந்த ஆள், பேச்சு குறைவு. தம்பி விசிறிகளை ஓட்டிப் பார்க்கிற கொட்டகையில் ஆபரேட்டர். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் எல்லோரையும் விலகச் சொல்லி வாயாலேயே விசில் அடிப்பான். அதற்கென்று ஒரு மணி இருந்தும் அதை அவன் மதித்ததில்லை. அதனால் விசில் என்றே பெயர். அண்ணன்தான் அவனை வளர்த்தவன். அந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் அண்ணன்தான்.

அன்று காலை விசில் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கட்டடமே ஒருமுறை குலுங்கியது.

விளிம்பக்கா படியிறங்கி ஓடினாள். கொட்டகைக்குள் தூசியும் கருகிய பிசின் நாற்றமும். விசிறியைச் சுற்றிப் போட்டிருந்த கனத்த கம்பிவலை காகிதம் மாதிரி கிழிந்து தொங்கியது. பிய்ந்த பிளேடின் ஒரு பாதி எதிர்ச்சுவரில் செருகி நின்றது. அதற்கும் வலைக்கும் நடுவில் விசில் இருந்தான். பிளேடு அவனுடைய தோளில் நுழைந்து விலா வழியாகப் போயிருந்தது. பெரியவன் தம்பியை வாரி எடுக்கப் பார்த்தான். பிடிக்கிற இடமெல்லாம் வழுக்கியது. "டேய், என்னைப் பாருடா, என்னைப் பாருடா" என்று கத்திக்கொண்டே அவன் முகத்தைத் தட்டினான். மோட்டார் இன்னும் முழுசாக நிற்கவில்லை. மிச்சமிருந்த பிளேடுகள் தலைக்கு மேல் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே விசிலின் கண்கள் நிலைத்துவிட்டன.

சுவரில் செருகியிருந்த துண்டின் ஒடிந்த முகம் அவள் பக்கம் பார்த்திருந்தது. நார் அடுக்குகள் பிரிந்து விரிந்து, கிழிந்த சதை மாதிரி தெரிந்தன. அவள் பார்த்தது அதை இல்லை, அதன் தடிமனை. தொப்பை இருக்க வேண்டிய இடத்தில் தொப்பை இல்லை. தள்ளிப்போனதாகச் சொன்ன சுரங்க விசிறி இது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்ப மேலே ஏறினாள். ஃபைலைத் திறந்தாள். லாஃப்ட்டுக்குள் போய்ப் பார்த்தாள். மூன்றாவது ப்ரொஃபைலுக்குப் பிறகு ஐந்தாவது இருந்தது. நாலாவதைக் காணோம். கடைசியாகத் திருத்திச் சேமித்தவர் என்ற இடத்தில் பக்கத்து மேஜைக்காரரின் பெயர். தேதி, அவள் கணவரின் கண் ஆபரேஷன் நடந்த தேதி.

திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவரு பின்னால நின்னுகிட்டே இருந்தாரு" என்றார். "எடுத்துடுங்க, எடுத்துடுங்கன்னு... இப்ப பாருங்க எவ்ளோ அழகா இருக்குன்னு..."

அவர் சொல்லி முடிக்கவில்லை. கீழே முற்றத்தில் நடந்தது அவளுக்கு அப்போது தெரியாது. ஆட்கள் மேலாளரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டிருந்தார்கள். அவர் கையை உயர்த்தி, "டிசைன்ல தப்பு. நான் என்ன பண்ண முடியும்? இந்தப் பிளேடை யார் வரைஞ்சதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லியிருந்தார். கொட்டகைக்குள் தம்பியை மடியில் வைத்திருந்த பெரியவன் அதைக் கேட்டான். தம்பியை மெதுவாகத் தரையில் கிடத்தினான். ஃபோர்க்லிஃப்டின் பின்னால் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு படியேறினான்.

கதவு சுவரில் மோதித் திறந்தது. சட்டை முழுக்கத் தம்பியின் ரத்தம். பக்கத்து மேஜைக்காரர் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார்.

"நீதானடி வரைஞ்சே?"

நேற்றுவரை அக்கா, நீங்க என்று பேசியவன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முதல் அடி திரையில் விழுந்தது. இரண்டாவது, மவுசின் மேல் இருந்த அவளுடைய வலது கையில். மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் அவளுக்குத் தனியாகக் கேட்டது. வலி வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. இடது கையால் கீபோர்டை உருவி அவன் முகத்தில் வீசி அடித்தாள். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. தோளைப் பிடித்து அவளைச் சுவரோடு சாத்தினான். கம்பியைக் குறுக்கே அவள் கழுத்தில் வைத்து அழுத்தினான். அவள் அவனுடைய விலாவில் முழங்காலால் குத்தினாள், காதைப் பிடித்துத் திருகினாள். மரத்தைக் குத்திய மாதிரி இருந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்க ஆரம்பித்தது.

"என் தம்பி என்னடி பண்ணான் உனக்கு?"

"நான்... இல்ல..."

"அப்ப யாரு? சொல்லு, யாரு?"

கம்பி கொஞ்சம் தளர்ந்தது. அவள் மூச்சை இழுத்தாள். அவன் தோளுக்குப் பின்னால், மேஜைக்கு அடியில், தடிமனான கண்ணாடிக்குள் இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கைகூப்பி உட்கார்ந்திருந்தார் மனுஷர். ஒரு விரலை நீட்டினால் போதும். அவள் நீட்டவில்லை.

"இன்னைக்கே" என்றாள். "நாலாவதை எடுக்கச் சொன்னது அவருதான். எடுத்தா ஒடிஞ்சுடும்னு நான் சொன்னேன். தெரிஞ்சேதான் பண்ணாரு."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லும்போது அது என்ன செய்யப்போகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கழுத்தில் இருந்த கம்பி எடுபட்டதும் அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியதே, அதைப் பற்றி அவள் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

அவன் இறங்கிப் போனான். அவள் உடைந்த கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். படியின் பாதியிலேயே மேலாளரின் அலறல் கேட்டது.

முற்றத்தில் ஆட்கள் வட்டமாக நின்றார்கள். யாரும் குறுக்கே போகவில்லை. பெரியவன் மேலாளரின் கழுத்துப்பட்டையைப் பிடித்து, கல்லில் துணி துவைக்கிற மாதிரி அவரைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தான். கம்பியை எப்போதோ எறிந்துவிட்டான். கைமுஷ்டியே போதுமாக இருந்தது. பல் ஒன்று தெறித்து அவள் காலருகே விழுந்தது. ஒரு கண் மூடிப்போய் அந்த இடமே தெரியவில்லை. மேலாளர் ஏதோ சொல்லப் பார்த்தார். வாயில் ரத்தம் நிரம்பிக் கொப்புளித்தது.

விளிம்பக்காவும் நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. குறுக்கே போயிருக்கலாம், கத்தியிருக்கலாம், போகவில்லை, கத்தவில்லை. விழுந்த ஒவ்வொரு அடியும் அவளுடைய கை அடித்த மாதிரியே இருந்தது.

பிறகு பெரியவன் அவரைத் தரதரவென்று கொட்டகைக்கு இழுத்துப்போனான். தரையில் சிதறிக் கிடந்த பிளேடுத் துண்டுகளில் நீளமான ஒன்றைப் பொறுக்கினான். அதன் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. மேலாளரின் தலையை நிமிர்த்திக் கழுத்தை வெளியே எடுத்தான். தம்பி கிடந்த இடம் அங்கிருந்து கைக்கெட்டும் தூரம்.

அவள் சுற்றிப் பார்த்தாள். பிளேடு வார்க்கிற அச்சைத் தட்டுகிற மரச் சுத்தியல் ஒன்று சுவரோரம் இருந்தது. இடது கையால் அதைத் தூக்கினாள். பழக்கமில்லாத கை, தூக்கிய வேகத்தில் அவளே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அந்தச் சுற்றின் முழு வேகத்தோடு பெரியவனின் முழங்காலின் பக்கவாட்டில் அடித்தாள். கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. அவன் விழுந்தான். துண்டு கைநழுவி ஓடியது. அப்போதுதான் வட்டமாக நின்றவர்களுக்கு உயிர் வந்து, ஓடிவந்து அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

அத்தனை பேருக்கு அடியிலிருந்து அவன் அவளைப் பார்த்தான்.

"நீதானே சொன்னே?"

"சொன்னேன். கொல்லச் சொல்லல."

"பொய்" என்றான் அவன். "பொய் சொல்ற."

அவள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அங்கேயே, ரத்தமும் பிசின்தூளும் கலந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கையைத் திறந்து தகடு வைத்தார்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சிரிப்பாக எதுவும் சொல்லத் தோன்றாத நாட்கள் அவை. ஒருநாள் சாயங்காலம் பக்கத்து மேஜைக்காரர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பேரை ஏன் சொல்லலை நீங்க?"

"உங்களைச் சாகக் குடுக்க மனசு வரலை."

"அப்ப அவரை?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கணவர் எழுந்து, "அவளைக் கொஞ்சம் தூங்க விடுங்க" என்று அவரை வெளியே கூட்டிப்போனார்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. மேலாளர் முற்றத்தில் நின்று ஒரு பெயரைச் சொன்னார். கம்பி அவளைத் தேடி வந்தது. அவள் சுவரோரம் நின்று ஒரு பெயரைச் சொன்னாள். அது அவரைத் தேடிப் போனது. அவர் சொன்னது பொய், அவள் சொன்னது உண்மை. வித்தியாசம் அவ்வளவுதானா? வீட்டுக்கு வந்த பிறகு இதைக் கணவரிடம் கேட்டாள்.

"கழுத்துல கம்பி அழுத்தும்போது ஒருத்தர் சொன்னதுக்கும், கையைக் கட்டிகிட்டு நின்னு ஒருத்தர் சொன்னதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"கம்பி எடுத்தப்புறமும் நான் நின்னு பார்த்துகிட்டுத்தானே இருந்தேன்?"

"பார்த்தே. அப்புறம் போனே. மத்தவங்க யாரும் போகலையே."

அது ஆறுதலாக இருந்ததா என்றால், இல்லை. ஆனால் அவர் அதைச் சிரிப்பாக்கவில்லை என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

விசாரணையில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். ப்ரொஃபைலை எடுத்தது நான், எடுக்கச் சொன்னது அவர், ஒடிந்துவிடும் என்று அக்கா சொன்னது எனக்கும் கேட்டது, வேலை போய்விடும் என்று பயந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பதற்காகவே கழற்றினவர் மாதிரி, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவர் பயந்த மாதிரியே வேலை போனது. மேலாளருக்கு ஒரு கண் போனது, தாடை கோணலாகச் சேர்ந்தது. அதோடு அவரும் சிறைக்குப் போனார். பெரியவனுக்கு அவரைவிட அதிக வருஷம் போட்டார்கள். அவளை அடித்ததற்கும் சேர்த்துத்தான். சாட்சிக் கூண்டில் நின்று அவள் எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. தான் அடித்ததையும் தானே சொன்னாள்.

கை கோணலாகக் கூடியது. மவுசை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். ஆரம்பத்தில் திரையில் அம்புக்குறி குடிகாரன் மாதிரி தள்ளாடியது. அவள் முதலில் எடுத்தது அந்தச் சுரங்க விசிறியைத்தான். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், யாரும் அதைத் தொட விரும்பவில்லை. அவள் நாலாவது ப்ரொஃபைலைத் திரும்பக் கொண்டுவந்து, மூக்கில் மொய்த்த புள்ளிகளைக் கலைத்து, மற்றவற்றின் கணக்குக்கே கொண்டுவந்து, பின் விளிம்பிலிருந்து தொடங்கினாள். தோல் போர்த்தினாள். நொடித்தது. கலைத்தாள். மறுபடி போர்த்தினாள். நாள் கணக்கில் அதே வேலை. கடைசியில் பட்டைகள் மூன்றாவதைத் தாண்டி, நாலாவதின் தொப்பைமேல் ஏறி, இறங்கி, நுனிவரை நொடிக்காமல் ஓடின. அந்த விசிறி பிறகு ஓடியது. இப்போதும் எங்கேயோ நிலத்துக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், வாசலில் யாரோ தேடி வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். போய்ப் பார்த்தாள். பெரியவன். உடம்பு பாதியாகியிருந்தது. நடக்கும்போது வலது காலை இழுத்து இழுத்து வைத்தான். அவளுடைய கோணல் கையைப் பார்த்தான். அவள் அவனுடைய காலைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் பிளேடை ஒருதடவை காட்டுவீங்களா?"

காவலாளி வேண்டாம் என்று கண்ணால் சைகை காட்டினார். அவள் அவனைக் கூட்டிக்கொண்டு படியேறினாள். அவனுக்கு முன்னால் ஏறவும் அவளுக்குப் பயமாக இருந்தது, பின்னால் ஏறவும் பயமாக இருந்தது, பக்கவாட்டிலேயே ஏறினாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். ஃபைலைத் திறந்து, பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். மெதுவாகத் திருப்பிக் காட்டினாள்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"இல்லப்பா. இங்க பாரு." பிளேடை அந்த இடத்தில் குறுக்கே வெட்டிக் காட்டினாள். பழையது மெல்லிய நிழலாக, புதியதற்கு உள்ளே தொலைந்துபோய்க் கிடந்தது.

அவன் திரையில் விரலை வைத்தான். விரலின் அகலத்தில் பாதிகூட இல்லை அந்த இடைவெளி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவனுடைய தாடை இறுகியது. கை முஷ்டியானது. அவள் நாற்காலியை ஓர் அங்குலம் பின்னால் தள்ளினாள். இடது கை தானாக மேஜைமேல் கனமாக ஏதாவது இருக்கிறதா என்று தேடியது. அவன் அதைக் கவனித்தான். முஷ்டியைப் பிரித்து, இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு நீங்க என்னை விட்டிருக்கணும்க்கா. அவனை முடிச்சிருப்பேன்."

"விட்டிருந்தா நீ இன்னைக்கு இங்க உட்கார்ந்திருக்க மாட்டே."

"உட்கார்ந்து மட்டும் என்ன?"

அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, சந்தைப்பக்கம் மூட்டை இறக்குகிற இடத்தில் கணக்குச் சொல்கிற வேலை கிடைத்திருப்பதாகவும், இந்தக் காலோடு மூட்டை தூக்க முடியாது என்பதால் அதைக் கொடுத்தார்கள் என்றும் சொன்னான். பிறகு எழுந்தான். படியில் கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினான். அவள் மேலேயே நின்றாள். அவன் வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

திரையில் இரண்டு பிளேடும் அப்படியே இருந்தன. பழையதை மூடினாள். பக்கத்து மேஜைக்குப் புதிதாக வந்திருந்தவர், "யாருக்கா அது, சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவரு" என்றாள் விளிம்பக்கா. கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.